எச்சரிக்கை: பள்ளிக் கூரை ஒழுகலை அடைக்க 4,20,000 கொடுத்தோம், வெள்ளையடித்து மறைத்துவிட்டுப் போய்விட்டான்

நேற்று இரவு பெய்த மழையில், எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நான்காம் அறையில் கூரைக் காரை பெயர்ந்து மூன்றாவது வரிசைப் பெஞ்சின் மேல் விழுந்துவிட்டது. இரவு நேரம், அறையில் யாரும் இல்லை. காலையில் காவலாளி ஐயா அழைத்துச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு, அதைவிடப் பெரிதாக இன்னொன்று. பெஞ்சுப் பலகை குழிந்திருந்தது. அந்தக் கூரையைத்தான் நான்கு மாதங்களுக்கு முன்பு 4,20,000 செலவழித்துச் சரிசெய்தோம். இதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோரோ ஆசிரியரோ யாராவது படிக்கட்டும் என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன். எதையெல்லாம் பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. மேல்மாடியில் வரிசையாக ஐந்து அறைகள். மழை வந்தால் வாளி வைத்துத்தான் பாடம் நடக்கும். சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும், தொட்டால் சாந்து பொடிப்பொடியாக உதிரும். கரும்பலகைக்குப் பின்னால் பூஞ்சணம். மழை விட்ட மறுநாள் கதவைத் திறந்தால் அந்தப் புழுங்கிய வாடை மூக்கில் ஏறும். என் மகளுக்கு இருமல் நின்றதே இல்லை. மின்விசிறிக் கொக்கியின் வழியாகவும் தண்ணீர் சொட்டத் தொடங்கிய பிறகுதான் இனி பொறுக்க முடியாது என்று பெற்றோர் குழுவில் முடிவெடுத்தோம். பழைய மாணவர்களிடமும் கேட்டோம். ஒரே ஆள் அள்ளிக் கொடுத்த பணம் இல்லை இது. தங்கள் வீட்டுக் கூரையையே மாற்ற முடியாதவர்கள் கொடுத்த பணமும் இதில் இருக்கிறது. 4,20,000. நான்தான் பொருளாளர். என் கையால்தான் கொடுத்தேன்.

வீட்டுப் பழுது வேலைகளுக்கு ஆட்களை ஏற்பாடு செய்து தரும் செயலி ஒன்றில்தான் அவனைப் பிடித்தோம். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சைக் குறி போட்டிருந்தது. முதலில் வந்து பார்த்த இருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொன்னார்கள். இவன் அப்படிச் செய்யவில்லை. அவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, மன்னியுங்கள். ஒரு குச்சியை வாங்கிக் கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கெட்டியான சத்தம், ஓரிடத்தில் வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற சத்தம். “கேட்டீர்களா அக்கா? இங்கே காரை கம்பியை விட்டு விலகி நிற்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளும். மேலே பூசுவது மட்டும் போதாது, இதையெல்லாம் கொத்தி எடுத்துக் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பூச வேண்டும்” என்றான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப் போலச் சில மடங்கு இடத்தை அடைக்கும், அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. பிறகு வேறொருவரிடம் கேட்டபோது அவரும் இதையேதான் சொன்னார். தெரியாமல் செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதே இடத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

புறப்படும்போது பெஞ்சில் காயப்போட்டிருந்த நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான். மை கரைந்து பக்கமெல்லாம் நீலமாக இருந்தது. “எனக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது அக்கா. பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், வேலையை நான் செய்துதருகிறேன்” என்றான். அங்கேதான் விழுந்தேன்.

மறுநாளே பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. முன்பதிவுக்காக 70,000 செயலி வழியாகக் கட்டினோம். மீதி 3,50,000 தன் கணக்குக்கு நேராகப் போட்டால் நல்லது, செயலிக்காரர்கள் பிடிக்கும் கமிஷனுக்கு இன்னொரு கை பூச்சு கூடுதலாக அடித்துத் தருகிறேன் என்றான். பள்ளிக்குத்தானே லாபம் என்று நினைத்தேன். அப்படிக் கேட்பவனை அந்த நிமிடமே வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

விடுமுறையில் வேலை நடந்தது. தளத்தின் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னான், படங்களும் வந்தன. கம்பி தெரியக் கொத்திய படம் வந்தது. அது எங்கள் பள்ளியே இல்லை என்பதை இன்று காலையில்தான் கவனித்தேன், ஜன்னல் வேறு மாதிரி இருக்கிறது. வேலை முடிந்த அன்று ஐந்து அறைகளும் பால் போல் வெளுத்திருந்தன. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். அன்று மாலையே செயலியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பத்து வரி பாராட்டும் எழுதினேன்.

முதல் பெரிய மழையிலேயே நான்காம் அறையில் பழுப்பு வளையம் தெரிந்தது. அழைத்தேன். “புதுப் பூச்சு அக்கா, இறுகக் கொஞ்ச நாள் ஆகும்” என்றான். இரண்டாம் மழைக்குச் சொட்டியது. “அது ஒழுகல் இல்லை, அறைக்குள் காற்றோட்டம் இல்லாமல் வியர்க்கிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்றான். வியர்த்தால் கூரையெங்கும் பரவலாக வியர்க்காதா? ஒரே இடத்தில் வளையம் கட்டுமா? மூன்றாம் முறை, மழைக்காலம் முடியட்டும் என்றான். நான்காம் முறை, பத்தாண்டு உத்தரவாதத்தில் விரிசல் சேராது, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்றான். படித்தேன். எறும்பு எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. விரிசல் வழியாகத்தானே ஒழுகுகிறது, விரிசலுக்குச் செல்லாத உத்தரவாதம் பிறகு எதற்கு? ஐந்தாம் முறை போன் எடுக்கவில்லை.

செயலிக்காரர்களிடம் போனேன். “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்.” ஒன்பது முறை இதே வாசகம் வந்தது. ஒவ்வொரு முறையும் புதுப் பெண், புதுப் புகார் எண், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியாக ஒருவர் பேசினார்: வெளியே கொடுத்த 3,50,000-க்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். உள்ளே கட்டிய 70,000? அது “சேவை முடிந்துவிட்டது” என்று நீங்களே ஒப்புக்கொண்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். ஆக 4,20,000-த்தில் ஒரு காசு திரும்பாது.

இன்று காலை, பெற்றோரில் ஒருவர் கட்டடப் பொறியாளர், அவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மழைநீர்க் குழாயின் வாயில் பழைய குப்பையை எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறான். வாய் மேடாகிவிட்டது, தண்ணீர் போக வழியில்லை. நான்காம் அறைக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கி நின்றது. அறை அறுபது சதுர மீட்டர். மூவாயிரம் லிட்டர், அதாவது மூன்று டன் எடை, துருப்பிடித்த கம்பியின் மேல், பிள்ளைகளின் தலைக்கு மேல் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. பூச்சின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பாம்புச் சட்டை போல உரிந்து வந்தது, அடியில் ஈரம். ஈரத் தளத்தில், பாசியைக்கூடச் சுரண்டாமல் அடித்திருக்கிறான், அது எப்படிப் பிடிக்கும் என்றார். அதுவும் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஒத்துவராத வகைப் பூச்சு, நாள்கணக்கில் நனைந்தால் ஊறிக் கழன்றுவிடுமாம்.

காவலாளி ஐயா இன்னொன்றும் சொன்னார். வேலை நடந்தபோது காலியான வாளிகளை அவர்தான் ஓரமாக அடுக்கி வைத்தாராம். ஆறு வாளிகள். அவன் கொடுத்த மதிப்பீட்டிலேயே சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று எழுதியிருக்கிறான். ஐந்து அறைகளுக்கு 300 லிட்டர், இருபது லிட்டர் வாளியில் பதினைந்து வேண்டும். மீதி ஒன்பது வாளி எங்கே? அந்தப் பெரியவரிடம் அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் எண்ணிச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது முடியவில்லை, ஐந்து அறைகளையும் பூட்டியாயிற்று, வகுப்புகளை எங்கே வைப்பது என்று பேசத் தலைமையாசிரியர் காத்திருக்கிறார். அவசரமாக இவ்வளவு மட்டும்: பணத்தைச் செயலிக்கு வெளியே கொடுக்காதீர்கள். உள்ளே வெள்ளையடிக்கும் முன் மாடிக் குழாய்களை அடைத்து, பொறியாளரைக் கேட்டு அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் தண்ணீர் கட்டி, குறைந்தது ஒரு நாள் முழுக்க நிற்கவிட்டுக் கீழே பாருங்கள். ஒழுகவில்லை என்றால்தான் மீதிப் பணம். வாளிகளைப் பிரிக்கும் முன்பும் காலியான பின்பும் எண்ணுங்கள். படத்தை நம்பாமல் மாடிக்கு நீங்களே ஏறிப் பாருங்கள். காரை விலகிய சத்தம் கேட்கும் அறையில் அன்றிலிருந்தே பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள், பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதை எழுதும் முன் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அவன் வேறு பெயரில் இன்னும் இருக்கிறான். பச்சைக் குறியும் இருக்கிறது. ‘முடித்த வேலைகள்’ என்ற இடத்தில் முதல் படம் எங்கள் நான்காம் அறை, வெள்ளை வெளேரென்ற கூரை. அதன் கீழே நான் எழுதிய பத்து வரிகள். அழிக்கப் பார்த்தேன், முப்பது நாள் கடந்துவிட்டதால் மாற்ற முடியாது என்று வருகிறது. அந்தப் படத்தையும் பாராட்டையும் எங்காவது பார்த்தால் நம்பாதீர்கள். அதை எழுதியவள் நான்தான்.