பாக்கெட் டோசிமீட்டர்: சான்றிதழ் சுத்தம், கேத் லேபில்தான் தகராறு

காலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) போன என் பாக்கெட் டோசிமீட்டர், அதாவது நம் மேல் விழும் கதிர்வீச்சை அளக்க உடம்பில் மாட்டும் சின்ன மீட்டர், போன வாரம் திரும்பி வந்தது. 'பிழை வரம்புக்குள்' என்று சான்றிதழும் கூடவே. இன்னொரு ஆஸ்பத்திரி கேத் லேபில் (எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் செலுத்தும் அறை) இருக்கும் நண்பர், இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்காக இது.

சான்றிதழில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். சோதிக்கும் விதம் இப்படி: மனித மார்புக்குப் பதிலாக 30 செ.மீ. சதுரம், 15 செ.மீ. கனத்தில் ஒரு தண்ணீர்ப் பெட்டி. அதன் முகப்பில் மீட்டர், எதிரே காமா கதிர் விடும் சீசியம்-137. 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சீராக வரும் காமாவில் எந்த மீட்டரும் நல்ல பிள்ளைதான். கேத் லேபில் நம் மேல் விழுவது நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே. அதன் ஆற்றல் பெரும்பாலும் சீசியம் காமாவில் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் துடிப்பு துடிப்பாக வரும். மீட்டருக்குள் இருப்பதோ கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும் கெய்கர் குழாய். ஒன்றை எண்ணியதும் இந்த வகைக் குழாய் சுமார் 100 மைக்ரோசெகண்ட் செயலற்றுக் கிடக்கும். அப்படியென்றால் 5 மில்லிசெகண்ட் துடிப்பில் எவ்வளவு கொட்டினாலும் 50-ஐத் தாண்டி எண்ணாது. சினி (எக்ஸ்ரே படப்பதிவு) ஓடி டோஸ், அதாவது நாம் வாங்கும் கதிர்வீச்சு அளவு, எகிறும் நேரம் பார்த்து அடக்கி வாசிக்கிறது! போதாததற்கு, பக்கத்தில் செல்போன் அடித்தால் சும்மாவே கத்தும்.

துடிப்பு எக்ஸ்ரேயில் சோதித்தீர்களா என்று சர்வீஸில் கேட்டேன். "அது ஸ்பெசிஃபிகேஷன்லயே இல்ல சார்."

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஈய ஏப்ரனுக்குள் மாட்டும் டிஎல்டி பேட்ஜுக்குத் (டோஸைச் சேர்த்து வைக்கும் இன்னொரு அளவி) துடிப்பும் சீரும் ஒன்றுதான். அதன் கால்சியம் சல்பேட் வில்லைகள் வாங்கியதைச் சேர்த்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாகக் கக்கிவிடும். டோஸ் கணக்குக்கு அதுதான் செல்லும். ஆனால் ரிப்போர்ட் காலாண்டு முடிந்துதான் வரும், எந்த கேஸில் எங்கே நின்று வாங்கினோம் என்று அதில் இருக்காது. ஏப்ரனுக்கு வெளியே தொங்கும் இந்த மீட்டர் அந்த நிமிடமே சொல்கிறது. லேட்டரல் வியூவில் (பக்கவாட்டில் எடுக்கும் படம்) எக்ஸ்ரே குழாய்ப் பக்கம் நின்றால் அலறல், ஓரடி பின்வாங்கினால் அடங்குகிறது. புதிதாக வந்த பிள்ளைகள் சீலிங் ஷீல்டை (கூரையிலிருந்து தொங்கும் கதிர்த் தடுப்பு) இழுத்துவிட்டுக்கொள்ளப் பழகியது இந்தச் சத்தத்தில்தான். நான் தொண்டை கிழியச் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை.

நண்பரே, இந்த மாடல் வேண்டாம். சிலிக்கான் டையோடு வகையைப் பாருங்கள். அதுவும் அதிக டோஸில் கொஞ்சம் எண்ணத் தவறும், இவ்வளவு மோசமில்லை. துடிப்புக் கதிரில் சோதித்த அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், என்னுடையதைப் பாதி விலைக்குக் கேட்டீர்களே, அது மட்டும் நடக்காது.