நீதிக்கதைப் புத்தகம் வாங்குமுன்: வடசென்னையில் எங்கே, எதை, எப்படிப் பார்ப்பது

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் ‘பிள்ளைங்க படிக்க நீதிக்கதை இருக்கா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வகைப் புத்தகம்தான் கைக்கு வரும். பளபளப்பான அட்டை, 16 பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், பத்துப் பன்னிரண்டு கதை, ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த எழுத்தில் ‘நீதி’. நாலைந்தைச் சேர்த்து பிளாஸ்டிக் உறை போட்டு செட்டாகவும் விற்பார்கள். விலை குறைவுதான். ஆனால் பிள்ளையைச் சிரிக்கவும் வைத்து, நல்லதையும் மனசில் தங்கவைக்கும் புத்தகம் தேடுகிறவர்களுக்கு இந்த செட் போதாது.

காரணம் இடப் பற்றாக்குறை. ஒரு கதைக்கு ஒரு பக்கம், அதில் பாதி படம். மிச்சமுள்ள ஏழெட்டு வரியில் கதை சொல்லி முடித்தாக வேண்டும். நகைச்சுவைக்கு இழுப்பு தேவை. குரங்கு ஒரு தடவை ஏமாந்தால் அது வெறும் தகவல். மூன்றாவது தடவையும் அதே மாதிரி ஏமாறப் போகும்போதுதான் பிள்ளை முந்திக்கொண்டு ‘ஐயோ, மறுபடியுமா!’ என்று கத்தும். கதையைச் சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது இந்த இரண்டாம், மூன்றாம் தடவையைத்தான். சிரிப்பு போய்விடும், அறிவுரை மட்டும் நிற்கும். அந்தப் புத்தகத்தைப் பிள்ளை இரண்டாம் முறை எடுக்காது.

கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஏதாவது ஒரு கதையின் கடைசி ‘நீதி’ வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மேலே படியுங்கள். அந்த வரி இல்லாமலே விஷயம் விளங்கினால் கதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மூடியதும் ‘இதில் என்ன சொல்ல வந்தார்கள்?’ என்று தோன்றினால் வைத்துவிடலாம். அடுத்து, அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். பேச்சு வரும் இடங்களில் ‘பகர்ந்தான்’, ‘வினவினான்’ என்று அடுக்கியிருந்தால் ஏழு வயதுப் பிள்ளை தடுக்கி விழும். ‘கேட்டான்’, ‘சொன்னான்’ போதும். ர-ற, ன-ண பிழை ஒரே பக்கத்தில் மூன்று இருந்தால் அந்தப் பதிப்பைத் தொட வேண்டாம். பிள்ளையின் எழுத்தும் அப்படியே பழகிவிடும். செட்டாக ஒட்டிய உறையை இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே அதை வாங்காமலிருக்கப் போதுமான காரணம்.

உள்ளடக்கத்தில் எதைப் பார்ப்பது என்பதில் இன்னும் கவனம் தேவை. பழைய கதைகளில் முட்டாளாக வருகிறவர் யார் என்று பாருங்கள். துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், குயவர் என்று தொழிலைச் சொல்லியே கேலி செய்யும் கதைகள் இன்னும் மறுபதிப்பாகின்றன. துணி வெளுப்பவர்களால் பெயர் பெற்ற பேட்டையிலேயே குடியிருக்கும் ஒரு பிள்ளைக்கு, வெளுப்பவரை அசடாகக் காட்டும் கதை என்ன நீதி சொல்லும்? நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிரிப்பூட்டும் கதைகளும் இதே கணக்குதான். புத்தகம் முழுக்க அப்படி இல்லை, ஒரு கதைதான் என்றால் வாங்கலாம். ஆனால் அந்தக் கதையைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துப் பேச வேண்டும்.

தெனாலிராமன் தொகுப்புகள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கெட்டிக்காரத்தனத்துக்கு அவை நல்ல தீனி; நல்ல நடத்தைக்கு எல்லாக் கதையும் பொருந்தாது. கொதிக்கும் பாலை வைத்துப் பூனையைப் பாலுக்கே பயப்பட வைக்கும் கதையைப் படித்து ஐந்து வயதுப் பிள்ளை அழுவது இயல்பு. எட்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். மரியாதை ராமன் கதைகள் இந்த வகையில் பாதுகாப்பானவை. வழக்கு, சாட்சி, தீர்ப்பு என்று ஒழுங்கான நடை. தீர்ப்புக்கு முந்தின பக்கத்தில் நிறுத்தி ‘நீ என்ன சொல்லுவே?’ என்று கேட்டால் அரைமணி நேரம் போவதே தெரியாது. நியாயம் என்பதைப் பிள்ளை தானே யோசித்துப் பிடிக்கும்.

சிரிப்பு என்று எடுத்தால் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதைக்கு இன்றும் முதல் வரிசை கொடுக்கலாம். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கும் சீடர்கள், அக்கரை சேர்ந்ததும் தன்னை விட்டுவிட்டு எண்ணி ‘ஒருத்தரைக் காணோமே’ என்று அழுவதைப் படித்து எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. தன்னைக் கணக்கில் சேர்க்காமல் ஊரை எண்ணுகிறவன் படும் பாட்டை அந்தக் கதை ஒரு வரி உபதேசம் இல்லாமல் காட்டிவிடுகிறது. மூலம் 18-ஆம் நூற்றாண்டு உரைநடை. நீண்ட வாக்கியங்கள், பழைய சொற்கள். எளிமைப்படுத்திய பதிப்பைத் தேடுங்கள், ஆனால் ஆற்றைக் கடக்கும் பகுதி குறைந்தது நாலைந்து பக்கமாவது வர வேண்டும். அதை ஒரு பத்தியாகச் சுருக்கிய பதிப்பில் ஒன்றுமில்லை.

இனி எங்கே போவது. பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வணிக வளாகம், மக்கள் வாயில் இன்னும் மூர் மார்க்கெட். பழைய கட்டடம் 1985-இல் எரிந்த பிறகு கடைகள் இங்கே வந்தன. அடுக்கு முறை என்று ஒன்றும் இருக்காது. ‘சின்னப் பிள்ளைங்க கதை, தமிழ்’ என்று வயதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பதே சரி. அச்சு விலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே அதிகம் நேரும் குறை, பாரம் (ஒன்றாக அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) விடுபட்ட புத்தகம். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக அச்சாகிக் கட்டப்படுகின்றன. எனவே 16-17, 32-33, 48-49 ஆகிய இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டாம். கதையின் முடிவு இல்லாத புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய துக்கம் கிடையாது.

புதுப் புத்தகத்துக்கு ஜனவரி வரை பொறுக்க முடிந்தால் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டை மக்கள் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். மத்திய அரசின் பதிப்பகமான நேஷனல் புக் டிரஸ்டின் மெல்லிய சிறுவர் நூல்களை அங்கே முதலில் பாருங்கள்: ஒரு புத்தகம், ஒரே கதை. முன்னே சொன்ன இழுப்புக்கு அங்கே இடம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க கிளை நூலகத்தை மிஞ்சிய வழி இல்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் புத்தகங்களுக்கு நாம்தான் பணம் கட்டியிருக்கிறோம். ஆதார் நகலும் சிறு வைப்புத்தொகையும் கொடுத்தால் உறுப்பினர் ஆகலாம். வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி. பல கிளைகளில் சிறுவர் நூல்கள் கீழ்த்தட்டில் கலைந்து கிடக்கும், அட்டையும் போயிருக்கும். நூலகரிடம் கேட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிள்ளை ஒரே புத்தகத்தை மூன்று முறை எடுத்துவந்தால் அதுவே வாங்க வேண்டிய புத்தகம்.

காசே செலவழிக்காமல் வேண்டுமானால் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம். 2015-இல் தொடங்கியது, தமிழிலும் கதைகள் உண்டு, நான்கு வாசிப்பு நிலைகள்; முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் முடியும். பதிவிறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்சிட உரிமம் தடையில்லை. மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும். அச்சிடுமுன் நீங்கள் ஒருமுறை படித்தே ஆக வேண்டும்.

கடைசியாக, கடற்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் பின் அடித்த புத்தகம் சீக்கிரம் கெடும். உப்பு ஈரத்தில் பின் துருப்பிடிக்கும், நடுத்தாளில் பழுப்புக் கறை ஏறும், பிறகு அந்தத் தாள் கழன்றுவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் நூல் தையல் போட்ட கட்டு நல்லது. பின் அடித்ததுதான் கிடைத்தது என்றால் வாங்கிய அன்றே பின்னைக் கழற்றிவிட்டுத் தைத்துவிடலாம். நடு மடிப்பில் மேல், நடு, கீழ் என மூன்று துளை. இரட்டை நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே இழுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலின் இரு பக்கமும் ஒவ்வொரு முனையாக வைத்து முடிச்சுப் போட வேண்டும். சுவரை ஒட்டி அடுக்காமல் நாலு விரல் தள்ளி அடுக்குங்கள். ஈரச் சுவர்தான் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு வீடு.