போர் தண்ணியில் நாலு வருடம் ஓடிய 15 லிட்டர் கீசர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கீசர் வாங்கப் போனால் கடைக்காரர் ஸ்டார், லிட்டர், வாட் என்று அடுக்குவார். போர் தண்ணியில் நாலு வருடம் ஓடிய பிறகு அதெல்லாம் இரண்டாம்பட்சம். தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் ஆனோடு ராடு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே சொல்வது 2000 வாட், உள்ளே கண்ணாடிப் பூச்சுத் தொட்டி உள்ள ஸ்டோரேஜ் வகை. 20 டிகிரி தண்ணீர் 60-க்கு ஏற 21 நிமிடம் ஆகும். ஓசூரில் மார்கழி விடியற்காலை என்றால் இன்னும் கொஞ்சம் கூட. உப்பு ஏறினாலும் இந்த நேரம் பெரிதாக மாறாது, ஏமாறுவது இங்கேதான். சூடு உப்பைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும், அதனால் காயில் கூடுதலாகக் காய்ந்து ஒருநாள் பட்டென்று போய்விடும். முன்னறிவிப்பு சத்தம்தான்: பாத்திரத்தில் மணல் வறுபடுவது போல ஒரு கரகரப்பு. தண்ணீர் வெதுவெதுப்பிலேயே கட் ஆனால், சூட்டை அளந்து கரன்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழாயும் காயிலும் ஒரே உப்புக்கட்டியாக ஒட்டியிருக்கலாம்.

கழற்றும் முன் சுவிட்ச் மட்டும் போதாது, மீட்டர் பெட்டியில் கீசருக்கான எம்சிபியையே (பிரேக்கர்) இறக்குங்கள். இன்லெட் வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, இன்லெட் பைப்பைக் கழற்றி தொட்டியைக் காலி செய்யுங்கள். காயில் மாட்டியிருக்கும் பிளேட்டின் போல்ட்டுகளை எடுத்ததும் காயில் வெளியே வரும். முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்ட வெள்ளைத் தோல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டக் கூடாது. காயிலின் உலோக உறை கிழிந்தால் ஈரம் உள்ளே போய், கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகும். 5 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, டெர்மினல் நனையாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், அது செம்பு உறையையும் தின்னும்.

டெர்மினல் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் 26 ஓம் சுமார் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அவுட். டெர்மினலுக்கும் உறைக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. சின்ன லீக்கேஜை மல்டிமீட்டர் பிடிக்காது, எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (கசிவு பார்க்கும் மீட்டர்) இருந்தால் 500 வோல்ட்டில் பார்த்துவிடுங்கள்.

பலர் காயிலை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். புதிதில் விரல் கனம் இருக்கும் மெக்னீசிய ஆனோடு ராடு, தொட்டிக்குப் பதில் தான் கரைந்துபோவதற்காகவே இருப்பது. நடுக்கம்பி தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய ராடைத் திரும்பப் போடாமல் போகும் மெக்கானிக்கும் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். காயில் போனால் காயிலோடு போச்சு. தொட்டி ஓட்டை விழுந்தால் கீசரே காயலான் கடைக்குத்தான்.

பிளேட்டுக்கு அடியில் இருக்கும் பழைய கேஸ்கட் (ரப்பர் வளையம்) திரும்ப உட்காராது, புதிது போடுங்கள். போல்ட்டை எதிரெதிராக இறுக்குங்கள். சுடுதண்ணிக் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே கரன்ட். காலித் தொட்டியில் போட்டால் புதுக் காயில் சில நிமிடத்தில் கருகும். தண்ணீர் காயும்போது சேஃப்டி வால்வு சொட்டுவது வழக்கம்தான். அதை டம்மி போட்டு அடைப்பது வெடிகுண்டை மாட்டி வைப்பதற்குச் சமம்.

தெர்மோஸ்டாட்டை 55-ல் வைத்தால் உப்பு படிவது கண்கூடாகக் குறையும், 60-க்கு மேல் போகப் போக வேகமாகப் படியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து அதையே கீசருக்கு விடும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அந்தத் திட்டம் வந்ததே இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடுக்காகத்தான். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அவசரத்துக்குக்கூட கீசர் போர் தண்ணியை உலையில் ஊற்ற வேண்டாம்.

போர் தண்ணி மட்டும் என்றால் வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் திறந்து பாருங்கள். கேஸ்கட் ஒன்றும் ராடு ஒன்றும் முன்கூட்டியே வாங்கி வைத்தால் அரை நாள் வேலை.