தாத்தாவின் சேத்தக் ஸ்கூட்டர்: ஏற்காடு மலைப்பாதையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் தாத்தா, எண்பதுகளின் நடுவில், பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை, அவர் காலமான பிறகு நான் ஓட்டி வருகிறேன். 1972-இல் விற்பனைக்கு வந்து, ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கிய இந்த வண்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் உறுதியான இரும்பு உடலையும் மலிவான பராமரிப்பையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவை இரண்டும் உண்மைதான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையில், மூவாயிரம் அடிக்கு மேல் ஏறி இறங்கும் வேலைக்கு இந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை எழுத நினைத்தால், அதை அந்தப் பாதையில் ஓட்டியவரைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் தாத்தாவுக்கு விளையாட்டுப் பிள்ளை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, மேட்டூர் அணைக்கோ, பரிசல் ஏறுவதற்காக ஒகேனக்கலுக்கோ, எதுவும் இல்லையென்றால் ஏற்காட்டுக்கோ கிளம்பிவிடுவார். தனியாக மட்டும் போகமாட்டார். பின்னிருக்கையில் ஆயா (எங்கள் பாட்டி), முன்னால் நின்றுகொண்டு பேரப்பிள்ளைகளில் ஒருவர். மீதிப் பேர் பேருந்தில் வர வேண்டும். மலைப்பாதையில் பேருந்தை முந்திச் சென்று அடுத்த வளைவில் வண்டியை நிறுத்திக் கையசைப்பதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நாங்கள் கத்துவதும் வழக்கமாக இருந்தது.

சேத்தக்கின் 145 சிசி எஞ்சின் பின்சக்கரத்தின் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால், வண்டியின் எடை இயல்பாகவே சற்று வலப்பக்கம் சாயும். புடவை கட்டிய பெண்கள் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரும்போது பாரம் இடப்பக்கம் விழுகிறது. "ஆயா ஏறுனாத்தான் கண்ணு, வண்டி நேரா நிக்கும்" என்று தாத்தா சொல்வதை, ஆயாவைக் கிண்டல் செய்கிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆயாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு முதுகில் ஒன்று வைப்பார். இப்போது தனியாக மலையேறும்போது, இடப்பக்கக் கொக்கியில் கனமான பை ஒன்றை மாட்டிக்கொள்கிறேன்; மெதுவாக வளையும்போது கைப்பிடி அடங்கி நிற்பது நன்றாகவே தெரிகிறது.

ஏற்றத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. எஞ்சினோடு சுழலும் காற்றாடி குளிர்ந்த காற்றைச் சிலிண்டர் மீது தள்ளிக்கொண்டே இருப்பதால், மெதுவாக ஏறினாலும் எஞ்சின் எளிதில் கொதிப்பதில்லை. இருவர் அமர்ந்தால் பெரும்பாலும் இரண்டாவது கியர், செங்குத்தான வளைவுகளில் முதல் கியர். கிளட்சையும் கியரையும் ஒரே இடக்கையால் இயக்குவதால், வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் மணிக்கட்டு நன்றாக வலிக்கும். சமவெளியில் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் அளவில் கொடுக்கும் வண்டி, மலையில் முப்பதுக்கே திணறுகிறது.

இறக்கம்தான் இந்த வண்டியின் உண்மையான சோதனை. சேத்தக்கின் இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினில் உயவு எண்ணெய் தனியாக இல்லை. லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால், எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் நேரத்தில் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துபோய், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எண்ணெய் உள்ளே போக அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். தாத்தா ஒவ்வொரு வளைவு முடிந்ததும் வண்டியை ஒருமுறை உறும வைப்பார். முன்னால் நிற்கும் பிள்ளை அந்த வளைவின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இருபதில் தொடங்கி ஒன்றில் முடியும் அந்த விளையாட்டில் எண்ணைத் தவறவிட்டவருக்கு அடிவாரத்தில் தின்பண்டம் கிடையாது. எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் முறையாக அதை அவர் வைத்திருந்தார் என்பது, பட்டறைக்குப் பக்கத்திலிருந்த மெக்கானிக் எனக்குக் காரணத்தை விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

வழியில் நிறுத்திக் கொய்யாவும் வேர்க்கடலையும் வாங்கிக் கொடுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. பத்து அங்குலச் சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய டிரம் பிரேக், தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சற்று நேரம் ஆறவிட்டால் மீண்டும் நன்றாகப் பிடிக்கும். தாத்தா எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்க யாரையும் அனுமதித்ததில்லை. பெட்ரோல் மிச்சப்படும் என்று அப்படி இறங்குபவர்களைக் கண்டால், சிரித்த முகத்தோடு இருக்கும் மனிதர் கடுகடுப்பாகிவிடுவார்.

ஏற்காட்டில் இருக்கும் பகோடா முனைப் பேய்க் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பொழுது சாயத் தொடங்கியதும், அந்தப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை காபித் தோட்டக் கணக்குப் பார்க்க வருவார் என்றும், கையில் அகப்படும் பிள்ளைகளைக் காபிக்கொட்டை பொறுக்க வைத்துவிடுவார் என்றும் தாத்தா சொல்லுவார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் காக்பர்ன் என்ற பிரிட்டிஷ் கலெக்டர் என்பதால், கதைக்குக் கொஞ்சம் வரலாற்று ஆதாரமும் இருந்தது. நாங்கள் அலறியடித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பழைய சேத்தக்கின் முகப்பு விளக்கு, எஞ்சின் சுழலும்போது உண்டாகும் மின்சாரத்தில் நேரடியாக எரிவது. ஆக்சிலேட்டரை விட்டால் மங்கிவிடும். இறக்கத்தில், அதுவும் வளைவில், அதாவது வெளிச்சம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மெழுகுவத்தி அளவுக்குக் குறையும். இருட்டுவதற்குள் குடும்பத்தை அடிவாரத்தில் சேர்த்துவிட அந்தத் துரை அவருக்கு உதவினார். நான் இப்போது வேறு விளக்கு பொருத்தியிருக்கிறேன். இருந்தும் பனி இறங்கும் மாதங்களில் மாலையிலேயே இறங்கிவிடுகிறேன்.

அவர் செய்த எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒருமுறை, எல்லோரும் போகும் பாதையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஆயாவை ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கியிருக்கிறார். சேத்தக்கில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு; ஸ்டெப்னியை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். சங்கிலி கிடையாது என்பதால் சில நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். முதல் பஞ்சரை அப்படித்தான் சமாளித்தார். இரண்டாவது பஞ்சருக்கு ஸ்டெப்னி இல்லை. இரண்டாகப் பிரியும் சக்கரத் தட்டைக் கழற்றி, டயருக்குள் காய்ந்த புல்லை இறுக்கித் திணித்து, நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆயா வழிநெடுகப் பின்னால் நடந்து வந்தார். அதன்பின் ஆயா அவரோடு பேசவில்லை. தாத்தா மாலைதோறும் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டு வாங்கிவந்து, எதுவும் சொல்லாமல் ஆயாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாராம். மூன்றாவது பொட்டலத்தில் சமாதானம் ஆனதாக அம்மா சொல்வார். சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழாவுக்கு அடுத்த முறை போனபோது, ஆயா பேருந்தில் போகாமல் அதே ஸ்கூட்டரில்தான் ஏறினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளக்கில் கரி படிவது இயல்பு. உப்புத்தாளும் மாற்று பிளக்கும் கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். கார்பரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்துபவர்கள் உண்டு. அது துளையைப் பெரிதாக்கிவிடும். தாத்தா பட்டறையில் பற்றவைக்கப் பயன்படுத்தும் ஊதுகுழலை வைத்து ஊதியே அடைப்பை எடுப்பார். நானும் அதே குழலைத்தான் பயன்படுத்துகிறேன். இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கிறது. ஆகவே வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் தொட்டியையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது. கேபிள்களும் பிரேக் லைனிங்கும் சேலத்தில் இன்னும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கின்றன. பதிவுச் சான்றிதழைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சின் கக்கும் புகை, நான்கு வீச்சு எஞ்சினைவிட நிச்சயமாக அதிகம். தினமும் அலுவலகம் போக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அபூர்வமாக ஓட்டுவதற்காக யாராவது பழைய சேத்தக் வாங்க நினைத்தால், முதலில் கால் வைக்கும் தளத்தின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உடலைத் தாங்கத் தனிச் சட்டகம் (ஃபிரேம்) இல்லாத வண்டி என்பதால் அந்தத் தகடு அரித்துப்போனால் வண்டியே போனதாகிவிடும். பிறகு கியரைத் திருகிப் பார்த்து, எண்ணுக்கு எண் சரியாக விழுகிறதா என்று சோதியுங்கள். இரண்டும் தேறினால், தலைக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து அடிவாரத்திலிருந்து முதல் சில வளைவுகள் வரை ஏற்றிப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்த்து இந்த வண்டியின் இழுவையை எடைபோட முடியாது.