கடல்நீரா, கழிவுநீரா?

ஆற்றுப் பங்குக்காக அடித்துக்கொள்ளும் வறண்ட பகுதிகள், புதுநீர் தேடும்போது இந்த இரண்டில்தான் தடுமாறுகின்றன.

மின்சாரம்: கடல்நீரில் உப்பை நீக்க, கன மீட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட். கழிவுநீருக்கு அதைவிடக் குறைவு.

மிச்சம்: கடல்நீர் இரண்டு குடம் உறிஞ்சினால் நன்னீர் ஒரு குடம்கூடத் தேறுவது கடினம், மற்றது கிட்டத்தட்ட இருமடங்கு உப்போடு கடலுக்குத் திரும்பும். அப்புறம் மீனவர்களோடு புதுச் சண்டை. கழிவுநீரில் மிஞ்சுவது சேறு.

வரத்து: கடல் வற்றாது. கழிவுநீர் ஊர் புழங்கும் அளவுக்குத்தான்.

மனத்தடை: கழிவுநீர் என்றாலே மூக்கைச் சுளிக்கிறோம். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் அதைச் சுத்திகரித்துக் குடிக்கிறது!

கடலோர நகரத்தின் குடிநீருக்குக் கடல்நீர் சரி. உள்நாட்டில், வயலும் வீடும் ஒரே கால்வாய்க்குப் போட்டியிட்டால், சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்கு விட்டு ஆற்றுநீரை வீடுகளுக்குத் திருப்புவதே என் தேர்வு.