‘சமநிலை வரலாறு’ என்று காசு கேட்டால் கட்டாதீர்கள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் கவனியுங்கள். சாதாரணதர வரலாற்றுக்கு ‘இரு பக்கமும் சொல்லும் சமநிலைப் பாடத்திட்டம்’ என்று முகநூலில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. அச்சடித்த குறிப்பு, சூம் வகுப்பு, மாதிரி வினாத்தாள் எல்லாம் சேர்த்து 18,000 ரூபா. நான் கட்டி ஏமாந்தேன்.

மகளுக்கு 17 வயது. சுகமில்லாததால் பாடசாலைக்குப் போவதில்லை, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப்போகிறாள். வரலாறு கட்டாயப் பாடம். ஆனால் வன்னியில் இருந்துகொண்டு அதைப் படிப்பிப்பது லேசில்லை. புத்தகம் ஒன்று சொல்லும், அம்மம்மா வேறொன்று சொல்லுவா, யூடியூப் மூன்றாவதாக ஒன்றைக் கத்தும். தொலைபேசியில் கதைத்தவர், “அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் விளங்கும்” என்றார்.

வந்து சேர்ந்தது ஒரு போட்டோகொப்பிக் கட்டு. அதில் பாதி, அரசாங்கத்தின் 10ஆம், 11ஆம் தரப் பாடப்புத்தகங்களில் இருந்து வரிக்கு வரி எடுத்தது. அந்தப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சும்மாவே இறக்கலாம். மற்றப் பாதிதான் ‘சமநிலை’யாம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ‘சிங்களவர் பார்வை’, வலப்பக்கம் ‘தமிழர் பார்வை’.

அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் கொடுங்கோலன், வலப்பக்கம் நீதிமான். ஆனால் எல்லாளன் 44 வருடம் ஆண்டான், வழக்கு என்று வந்தால் நண்பன் பகைவன் பார்க்கவில்லை என்று சொல்வதே பிக்கு ஒருவர் பாளியில் எழுதிய பழைய வரலாற்று நூலான மகாவம்சம்தான். மணியை இழுத்த பசுவின் கதையும் அதில் இருக்கிறது, தான் வென்ற எல்லாளனுக்குச் சிங்கள அரசன் துட்டகைமுனு மரியாதை செய்வித்ததும் இருக்கிறது. எழுதிய பிக்கு எல்லாளனுக்கு அறுநூறு வருடத்துக்கு மேல் பிந்தியவர், கைமுனுவையே நாயகனாக வைத்தவர். அப்படிப்பட்டவர் எதிரியை ஏன் புகழ்ந்தார் என்று என் மகள் கேட்டாள். கோடு போட்டவர்களுக்கு இந்தக் கேள்வி வந்ததாகவே தெரியவில்லை.

சரி, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எந்தப் பக்கம்? தென்னிந்தியாவில் இருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன், புத்தரின் தந்ததாதுவைக் காத்த அரியணையில் இருந்தவன். 1815இல் அவனை இறக்கி ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கோட்டின் இரண்டு பக்கத்திலும் ஆளைக் காணோம்!

வன்னிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கொல்லப்பட்டான் என்று அதில் இருந்தது. அங்கே நாட்டப்பட்ட கல்லில் இருந்தது, ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை அன்று தோற்கடித்தான் என்பது மட்டும்தான். கொன்றதற்கு என்ன ஆதாரம் என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். “சோதினைக்கு அது வராது அக்கா” என்று பதில் வந்தது. வராததைச் சொல்லித்தருவதாகத்தானே காசு வாங்கினார்கள்?

சூம் வகுப்பில் ஒரு பெடியன் அதே குறிப்பை வாசித்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். ‘மாதிரி வினாத்தாள்’ என்பது ஆண்டை அழித்த கடந்தகால வினாத்தாள். காசைத் திருப்பிக் கேட்டதும் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள். காசு போனது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. பற்றுச்சீட்டைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னவர்கள் அனுப்பவேயில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், ஆனால் பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் விசயம் சுலபம்.

யாராவது இப்படி விற்க வந்தால், காசு கதைக்க முதல் ஒரு பாடத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்தியும் எந்த நூலில், எந்தக் கல்வெட்டில் இருந்து வந்தது, அதை எழுதினவர் யார், எப்போது எழுதினார் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், எத்தனை பக்கம் சொன்னாலும் அது வெறும் வாய்ச்சொல்தான். படிப்பிக்கிறவரின் பெயரையும் கேளுங்கள். எனக்குக் கடைசிவரை ‘எங்கட சேர்’ என்றுதான் சொன்னார்கள்.

சோதினைக்கு இப்போது பாடப்புத்தகமும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும், கடந்தகால வினாத்தாளும் போதுமாக இருக்கின்றன. அந்த விளம்பரக்காரர் பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டு உயர்தர வரலாற்றுக்கும் ஆள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். இந்த முறை வவுனியாவில் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையின் படத்தைப் போட்டிருக்கிறார், விலை 25,000.