நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வீட்டின் முகவரி ஏற்கெனவே விலைபோயிருக்கலாம்: நியூஜெர்சி பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

நியூஜெர்சியில் ஸ்கூலுக்காக வீடு மாறப்போகிறவர்கள், அதிலும் மிடில்செக்ஸ் கவுண்டி பக்கம் நம் ஆட்களிடமே வீடு தேடுகிறவர்கள், லீஸில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு வீடு கொடுத்தவர் அதே வீட்டின் முகவரியை வேறு மூன்று குடும்பங்களுக்கும் கொடுத்துக் காசு வாங்கியிருந்தார். அவர்கள் யாரும் இங்கே குடியிருக்கவில்லை. பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்க ஒரு முகவரி தேவைப்பட்டது, அவர் விற்றார். கடைசியில் பொய் முகவரிக்காரர்கள் என்ற கடிதம் எங்கள் பெயருக்கும் வந்தது.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனால் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. இந்தச் சின்ன மாநிலத்தில் 564 நகராட்சிகளும் ஏறக்குறைய 600 கல்வி மாவட்டங்களும் இருக்கின்றன. பள்ளிச் செலவில் பெரும் பங்கு அந்தந்த ஊர்க்காரர்கள் கட்டும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. மாநில சராசரியை எடுத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் வரி, அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே போகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்வி மாவட்டம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. நல்ல பெயர் வாங்கிய மாவட்டத்தில் வாடகை எக்கச்சக்கம். கட்ட முடியாதவர்கள் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இந்த ஊர் முகவரியைத் தேடுகிறார்கள். அங்கேதான் எங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் நுழைகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு டவுன்ஹவுஸ். வீட்டுக்காரர் மதுரைப் பக்கத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வேறு ஊரில் குடியிருக்கிறார். தெரிந்தவர் மூலமாக வந்தார். பேச்சுக்குப் பேச்சு "தங்கச்சி" என்பார். "நம்ம ஊர்ப் பொண்ணு, உங்களுக்குப் போய் கிரெடிட் செக் எல்லாம் பண்ணுவேனா?" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அவர் போட்ட நிபந்தனைகளை வரிசையாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றையும் கவனியுங்கள். கரண்ட், கேஸ் பில் இரண்டும் அவர் பெயரிலேயே இருக்கும், வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். பேஸ்மென்டில் அவருடைய பழைய சாமான்கள் இருப்பதால் அது பூட்டியே இருக்கும். தபால் பெட்டிச் சாவி ஒன்று அவரிடமும் இருக்கும், வரி சம்பந்தமான கடிதங்கள் வருமாம். லீஸை நோட்டரியிடம் கொண்டுபோக வேண்டாம், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்". தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் சந்தேகப்படும்படி இல்லை. நான்கும் ஒரே காரணத்துக்காக என்பது பள்ளி அலுவலகத்தில்தான் தெரிந்தது.

மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். பதிவு செய்யும் அம்மா முகவரியைத் தட்டினார், நிறுத்தினார், திரும்பவும் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, இந்த முகவரியில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் இருக்கின்றனவே, நீங்கள் நான்காவதா என்று கேட்டார். ஐந்து பிள்ளைகளின் பெயர்கள் அந்த ஒரே வீட்டு எண்ணில் இருந்தன. எல்லாருக்கும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக் கடிதம் இருந்தது, "பேஸ்மென்ட் யூனிட்" என்று எழுதிய லீஸும் இருந்தது. எங்கள் பெயரில் ஒரு கரண்ட் பில்கூட இல்லை. உண்மையாகவே அந்த வீட்டில் சமைத்துத் தூங்குகிற எங்கள் காகிதங்கள்தான் இருப்பதிலேயே பலவீனமாகத் தெரிந்தன.

சேர்க்க முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. நியூஜெர்சி விதிப்படி, சான்று போதாது என்றாலும் பிள்ளையை உடனே தற்காலிகமாகச் சேர்த்துவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும். அதனால் மகள் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். ஆனால் சீக்கிரமே கடிதம் வந்தது. உங்கள் பிள்ளைக்கு இங்கே படிக்கத் தகுதியில்லை என்று முதற்கட்டமாகக் கருதுகிறோம், விசாரணைக்கு வரலாம் என்று.

கடிதத்துக்கு முன்பே ஆள் வந்தார். காலையில் இன்னும் விடியக்கூட இல்லை, மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவட்டத்தின் குடியிருப்பு விசாரணை அதிகாரி என்று அட்டையைக் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் பார்த்த பார்வை வேறு. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். மகளின் அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று வாஷ்பேசினை எட்டிப் பார்த்தார். "ராத்திரி இங்கேதான் தூங்கினாயா?" என்று அவளிடமே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு ஏழு வயதுப் பிள்ளை தன் வீட்டிலேயே அப்படி முழித்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கோபம் அந்த அதிகாரி மேல் இல்லை, அவர் வேலையைச் செய்தார். எங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் மேல்தான்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டால், "நீங்க ஏம்மா இதைப் பெருசு பண்றீங்க? நம்ம பிள்ளைங்கதானே படிக்குது, ஒருத்தருக்கொருத்தர் உதவி" என்றார். உதவிக்கு மாதாமாதம் முந்நூறு டாலர் எதற்கு என்று என் கணவர் கேட்டார். போனை வைத்துவிட்டார். அந்தத் தொகை எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், பணம் கொடுத்தவர்களில் ஒருவரே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். தன் பெயருக்கு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருந்தது. எங்களுக்கு வந்த அதே கடிதம்தான், ஆனால் அவர் விஷயத்தில் அது உண்மை. பக்கத்து ஊரில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட், கணவருக்கு வேலை போய் மீண்டும் கிடைத்திருக்கிறது, பையன் நான்காம் வகுப்பு. "அக்கா, சப்லீஸ்தான், எல்லாம் லீகல்னு அவர் எழுதியே கொடுத்தாரு" என்று அழுதார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. பிள்ளையை நல்ல பள்ளியில் போட நினைத்தது ஒரு தப்பா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் சுலபமான பதிலும் இல்லை. ஆனால் அவர் தலையில் விழுந்திருப்பது என்ன என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூஜெர்சியில், தகுதியில்லாமல் பிள்ளை படித்த நாட்களுக்கு மாவட்டம் கட்டணம் வசூலிக்கலாம். ஒரு மாணவருக்கு ஆகும் வருடச் செலவை 180-ஆல் வகுத்து, படித்த நாட்களால் பெருக்குவார்கள். வருடச் செலவு 18,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 டாலர். ஒரு வருடம் படித்த பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் வாங்கிய முந்நூறுகள் போனது போக, இதுவும் அந்தக் குடும்பம்தான் கட்ட வேண்டும். நடுவருடத்தில் பையன் வேறு பள்ளிக்குப் போக வேண்டும்.

சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையாக நடந்திருக்கிறது. ஓஹையோவில் கெல்லி வில்லியம்ஸ் போலார் என்ற தாய், தன் மகள்களைத் தன் அப்பா வீட்டு முகவரியில் பக்கத்து மாவட்டப் பள்ளியில் சேர்த்தார். 2011-இல் அவருக்குக் குற்றத் தீர்ப்பு வந்து ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பெருங்குற்றம் என்ற தீர்ப்பை அந்த மாநில ஆளுநர் பிறகு சிறுகுற்றமாகக் குறைத்தார். பள்ளியை ஊர் வரியோடு கட்டிப்போட்ட ஏற்பாடே சரியில்லை என்று நானும் நினைக்கிறேன். அந்த ஏற்பாடு மாறும்வரை முகவரி வாங்கித் தப்பிக்கலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், சொல்கிறவர் ஆபத்தில் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் சட்டம் விற்கிறவரை முழுசாக விட்டுவிடவில்லை. இது பலருக்குத் தெரியாது. நியூஜெர்சி சட்டம் 18ஏ:38-1, இன்னொருவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தன் வீட்டை ஏமாற்றாகப் பயன்படுத்த விடுவதையே தனிக் குற்றமாகச் சொல்கிறது. ஆறு மாதம்வரை சிறையும் 1,000 டாலர்வரை அபராதமும் உள்ள வகைக் குற்றம் அது. ஆகவே தங்கை பிள்ளைக்காக, நண்பர் பிள்ளைக்காக என்று காசு வாங்காமல் முகவரி கொடுக்கிற நல்ல மனசுக்காரர்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் விசாரணைக்கு வருகிறேன். கரண்ட் பில் இல்லை என்பதால் கதை முடிந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. குறிப்பிட்ட ஒரு காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இன்டர்நெட் பில், புது முகவரி போட்ட டிரைவிங் லைசென்ஸ், மாதா மாதம் வங்கியிலிருந்து போன வாடகை, சாமான் ஏற்றிவந்த லாரிக்காரர் ரசீது, ஊர் நூலக அட்டை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனோம். விசா காகிதம், வருமான வரிப் படிவம், சோஷியல் செக்யூரிட்டி எண் இவற்றைச் சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. எச்1பி வேலை விசாவில் இருக்கிறவர்கள் பயந்துகொண்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், தேவையில்லை. தீர்ப்பு எதிராகப் போயிருந்தால் 21 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்திருக்கலாம், அது முடியும்வரை பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. முறையீட்டில் தோற்றால் அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் விழலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. பேஸ்மென்டை அதிகாரிகள் முன்னால் திறக்கச் சொன்னபோது உள்ளே பெயின்ட் டப்பாக்களும் ஒரு உடைந்த டிரெட்மில்லும்தான் இருந்தன. அங்கே மூன்று குடும்பம் வாழ்ந்ததாக எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துக்கு அதற்கு மேல் மதிப்பு இல்லை. மகள் அதே பள்ளியில் தொடர்கிறாள்.

நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். அவர் டெபாசிட்டைத் தரவில்லை, "நீங்க பண்ணின நஷ்டத்துக்கு" என்றார். இங்கே ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, காலி செய்து 30 நாளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும், காரணமில்லாமல் பிடித்துவைத்தால் இரண்டு மடங்கு கேட்டு வழக்குப் போடலாம். போட்டிருக்கிறோம். அது முடியாததால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்போது வீடு பார்க்கிறவர்களுக்கு. கரண்ட், கேஸ் கணக்கில் ஒன்றாவது உங்கள் பெயருக்கு மாற்றாமல் குடிபோகாதீர்கள். தபால் பெட்டிச் சாவி முழுவதும் உங்கள் கைக்கு வரட்டும். வேறு யாருடைய பெயருக்காவது பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல், "இங்கே இல்லை" என்று எழுதித் தபாலிலேயே திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே கல்வி மாவட்ட அலுவலகத்துக்கு போன் போட்டு, இந்த முகவரி எந்தப் பள்ளிக்கு என்று கேளுங்கள். மற்றவர்கள் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பதிவுக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காகிதங்களைத் தர வீட்டுக்காரர் இழுத்தடித்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரையும் நம்பாதீர்கள். தபால் முகவரியில் பிரின்ஸ்டன் என்று இருக்கும், வீடு சவுத் பிரன்ஸ்விக்கிலோ பிளெயின்ஸ்பரோவிலோ இருக்கும், பள்ளியும் அதன்படிதான். அந்த வீட்டுக்கு எந்த நகராட்சி வரி வாங்குகிறது என்று கவுண்டி வரிப் பதிவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டின் உண்மையான உரிமையாளர் யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். லீஸில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே செக்கை எழுதுங்கள்.